போர்டிங்கைத் திறந்து கொடுங்கள்: பேராயருக்கும் செயற்குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய பேராயர் ஐயா அவர்களுக்கும், லே செயலர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நமது திருமண்டலத்தின் பெண்பிள்ளைகள் விடுதியான போர்டிங் கடந்த மாதம் மூடப்பட்டது குறித்து இதை எழுதுகிறேன். அதன் அரசுப் பதிவைப் புதுப்பிப்பது தொடர்பாக அதற்கு முன்பு எத்தனை ஆய்வுகள் நடந்தன, எத்தனை நினைவூட்டுக் கடிதங்கள் வந்தன என்பதெல்லாம் தங்கள் அலுவலகக் கோப்பிலேயே இருப்பதால், அந்தக் கதையை நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. புதன்கிழமை மாலையில் சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமை மதியத்துக்குள் 23 பிள்ளைகளும் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியிருந்தது. "நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு" என்ற மூன்று சொற்களைத் தவிர அந்தச் சுற்றறிக்கையில் வேறு விளக்கம் எதுவும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: போர்டிங்கை முறையான பதிவோடு மறுபடியும் திறந்து, ஜூன் மாதம் பள்ளி தொடங்குமுன் அந்த 23 பிள்ளைகளையும் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இதைக் கேட்க நான் யார் என்று தங்களில் சிலர் நினைக்கலாம். என் தகப்பனார் பனையிலிருந்து விழுந்து இறந்த மறு வருடம், 1974இல், ஆறாம் வகுப்பில் அதே போர்டிங்கில் என்னைச் சேர்த்தார்கள். அங்கே ஏழு வருடம் இருந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, திருமண்டலப் பள்ளிகளிலேயே வேலை பார்த்து 2023இல் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு வாரத்தில் நான்கு நாள் மாலையில் அங்கே போய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். செயற்குழுவில் எனக்குப் பதவி ஏதும் இல்லை, எந்த அணியிலும் நான் இல்லை. இந்த மடலுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இவ்வளவு போதுமென்று நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் அங்கே இருந்தேன். பொறுப்பாளர் அம்மாள் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் நோட்டில் பார்த்துக் கூப்பிட, கூட்டிப்போக வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார் ரேகை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை துவைத்துக் கொடியில் போட்ட சீருடை இரவுப் பனியில் காயாமல் கிடந்ததால், பல பிள்ளைகள் அதை ஈரத்தோடு பாலித்தீன் பையில் சுருட்டி வைத்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எண் போட்ட தட்டையும் டம்ளரையும் கழுவிக் கொண்டுவந்து, இதை யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டாள். பதில் சொல்லத் திருமண்டல அலுவலகத்திலிருந்து ஒருவரும் வந்திருக்கவில்லை. அன்றைக்கு அங்கே நின்ற ஒரே அலுவலக வாகனம், பூட்டுச் சாவியை வாங்கிப்போக வந்த ஜீப்.

23 பேரைப் பற்றியும் எழுத இடமில்லாததால் ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், தகப்பன் இல்லை, தாய் பீடி சுற்றுகிறார். ஊர் பள்ளியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் பள்ளியை மாற்ற முடியாது என்பதால் இப்போது தினமும் போய்வருகிறாள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகையால் காசு ஒரு பிரச்சினை அல்ல; பஸ்ஸே இல்லை என்பதுதான் பிரச்சினை. காலை ஆறேகாலுக்கு ஊருக்குள் வரும் ஒரே பஸ்ஸைப் பிடித்து, இடையில் ஒரு முறை மாறி, முதல் மணி அடிக்கும்போதுதான் வந்து சேருகிறாள். மாலையில் பத்தாம் வகுப்புக்கு நடக்கும் சிறப்பு வகுப்பில் இருந்தால் ஊருக்குள் போகும் கடைசி பஸ் போய்விடும். பிறகு மெயின் ரோட்டில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் உடைமரக் காட்டு வழியே இருட்டில் நடக்க வேண்டும். ஒரு நாள் அப்படி நடந்தாள். அதோடு தாய் சிறப்பு வகுப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டார். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒற்றை அறை, ஒரு பக்கம் ஈரச் சாக்கில் இலை, மறுபக்கம் சுளகில் தூள். தாய் சுற்றிப் போடுகிற பீடிகளுக்கு முனை மடக்குவதும் கட்டுக் கட்டுவதும் பிள்ளையின் வேலை. போர்டிங்கில் இருந்தபோது இந்த வேலை அவளுக்குக் கோடை விடுமுறையில் மட்டும்தான் இருந்தது. கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். புகையிலை வாடை அடித்தது. முக்கோணவியல் பாடத்தில் பாதியில் நின்றுபோன ஒரு கணக்குக்குப் பக்கத்தில், ஓரக் கோட்டுக்கு வெளியே, பென்சிலால் சிறு சிறு கோடுகள். கட்டிய கட்டுகளின் கணக்கு அது. எண்ணிப் பார்த்தேன், 28. கட்டுக்கு 25 பீடி என்றால் 700. அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றை இந்த மடலோடு தங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர், கையெழுத்து நல்லா இல்ல" என்றாள்.

போர்டிங் மூடப்பட்டதற்கு அரசாங்கத்தின் கெடுபிடிதான் காரணம் என்ற பேச்சு சபைகளில் உலவுகிறது. அந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைத் தாங்கள் மறுக்கவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் பதிவு செய்யப்பட வேண்டும்; ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இது அநியாயமான சட்டமன்று. மாமல்லபுரத்தில் ஓர் இல்லத்துப் பிள்ளைகள் சீரழிக்கப்பட்ட செய்தி 2007இல் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்குப் போய், பத்து வருடம் நடந்த அந்த வழக்கில் 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது; எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்து முடிக்க வேண்டுமென்று அதில் உத்தரவிடப்பட்டது. வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டு அநாதை இல்லங்கள் என்று நமது மாநிலத்தின் பெயர் இருக்கிறது. கிறிஸ்தவ இல்லம் என்பதால் நம்மை யாரும் சோதிக்கக் கூடாது என்று சொல்ல நமக்கு வாயில்லை. சோதிக்கத்தான் வேண்டும்.

என் வருத்தம் வேறு. பதிவு காலாவதியாகும் தேதி ஐந்து வருடத்துக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த தேதி. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய மூன்றுக்கும் பொறுப்பாளர் அம்மாள் மும்முறை கோப்பு அனுப்பியிருக்கிறார். கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வைக்க அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எட்டு மாதம் தங்கள் அலுவலக மேசையில் கிடந்திருக்கிறது. தாழ்ப்பாள், ஐயா. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்கு. இந்தச் சான்றுகளுக்கு ஆகும் செலவு நம் திருமண்டலத்தைப் போண்டியாக்கிவிடும் அளவுக்கு இல்லை. அதே ஆண்டில் திருமண்டலத் தேர்தல் வழக்குக்காக வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த தொகை எவ்வளவு என்பது பெருமன்றத்தில் வாசித்த கணக்கிலேயே இருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் நின்றுபோனதே காரணம் என்று செயற்குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் சொன்னார். அதில் பாதி உண்மை. சுமார் 1,45,000 இந்தியப் பிள்ளைகளுக்கு உதவி வந்த கம்பாஷன் என்ற வெளிநாட்டுக் கிறிஸ்தவ அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போனது. 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடையை டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் முதலில் பெற முடியும்; பெற்றதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எல்லாம் சரி. ஆனால் 1903இல் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்களைக் கொண்டு, நம் பணத்தைக் கொண்டு ஊழியம் செய்வோம் என்றுதானே தொடங்கினார்கள்? என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். விதவை மருமகளையும் மூன்று பேரப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்தார். போன அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எங்கள் சபையில் ஒரு பூசணிக்காய் நாலாயிரம் ரூபாய்க்குப் போனது. பணம் இல்லாத ஜனங்களல்ல நாம்.

போர்டிங் பிள்ளைகளுக்கு அரிசி இல்லை என்று சொன்ன அதே மாதத்தில், நட்சத்திர ஓட்டலில் வாலிபர் மாநாடு நடந்தது. மேடைக்கு எல்இடி திரை, புகைக் கருவி, சென்னையிலிருந்து பாடகர் குழு. வாலிபர் ஊழியம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மேடைப் புகைக்குச் சுகாதாரச் சான்று கேட்கும் சட்டம் இல்லாததால் அந்த வேலை மட்டும் தடையின்றி நடந்திருக்கலாம். மே மாதம் விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி வரும்போது, பத்து நாளும் ஆக்‌ஷன் சாங் சொல்லிக்கொடுத்து, பன்னும் ரஸ்னாவும் கொடுத்து, இத்தனை ஆயிரம் பிள்ளைகளைச் சந்தித்தோம் என்று திருமண்டலப் பத்திரிகையில் போடுவோம். பதினொராவது நாள் அந்தப் பிள்ளை எங்கே தூங்குகிறது என்று கேட்கிற பழக்கம்தான் நம்மிடமிருந்து போய்விட்டது.

முன்பு அந்தப் பழக்கம் இருந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் ஐயர் சேர்த்து வைத்துச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. 1878இல் தொழிற்பள்ளி தொடங்கி அவர்கள் கையில் ஒரு வேலையையும் கொடுத்தார். டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் இல்லம் 1901இல் ஒரே ஒரு சிறுமியோடு தொடங்கியது. அந்தச் சிறுமியை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவர் துணைக்குழு அமைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. 1951இல் அவர் இறந்தபோது கல்லறையில் பெரிய கல் எதுவும் நாட்டப்படவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயரான அம்மா என்பதை மட்டும் பொறித்தார்கள். அங்கே சுற்றுலா கூட்டிப்போய்ப் படமெடுத்துக்கொள்ள நாம் தவறுவதில்லை.

நான் வரம்பு மீறிப் பேசுவதாகத் தங்களுக்குத் தோன்றினால் வயதானவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததற்கே திரும்பி வருகிறேன். போர்டிங்கைத் திறந்து கொடுங்கள். சட்டப்படி விண்ணப்பம் கொடுத்தால், முழுப் பதிவு கிடைக்கும்வரை ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பதிவு கொடுக்க வழியிருக்கிறது. அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் ஐந்து பிள்ளைகளை, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதியோடு, பதிவு நடப்பிலிருக்கும் நமது வேறோர் இல்லத்தில் தேர்வு முடியும்வரையாவது தங்கவையுங்கள். வத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் அரசு கொடுக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க அலுவலகத்தில் ஒரு எழுத்தரை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள், சம்பளமில்லாமல் நானே நிரப்பித் தருகிறேன். போர்டிங் மனையில் இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துபோனதாகவும் சாலையோரத்தில் வணிக வளாகம் வரப்போவதாகவும் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய்யென்றால் ஒரு வரி எழுதி மறுத்துவிடுங்கள், மிகவும் சந்தோஷப்படுவேன்.

வருகிற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் திருமண்டல அலுவலகத்துக்கு வருகிறோம். என்னோடு பிள்ளைகளின் தாய்மாரும் பாட்டிமாரும் பதினாறு பேர் வருவார்கள். கோஷம் போடமாட்டோம், பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடவில்லை. ஒரு நாள் பீடி சுற்றாவிட்டால் அன்றைய கூலி அவர்களுக்கு இல்லை என்பதால், அவர்களை மாலைவரை வராந்தாவில் நிறுத்திவைக்காமல் பேராயர் ஐயா அரை மணி நேரம் ஒதுக்கிச் சந்திக்க வேண்டுமென்று மிகுந்த தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
பழைய போர்டிங் பிள்ளை, ஓய்வுபெற்ற ஆசிரியை