பாப்பு, ஸ்னேர்னு எழுதிக் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படி

பாப்பு,

நேத்து நைட்டு உங்கம்மா போன் பண்ணி அரை மணி நேரம் புலம்பித் தள்ளிட்டா. நீ ஹைஸ்கூல் மார்ச்சிங் பேண்ட்ல, அதான் மைதானத்துல நடந்துட்டே வாசிக்கிற பேண்ட்ல, ஸ்னேர் ட்ரம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறியாம், அவ பிட்ல, அதான் மைதானத்து முன் ஓரமா நின்னு மரிம்பா மாதிரி கட்டை வாத்தியம் வாசிக்கிற குழுல, சேரு, வெயில்ல ட்ரம்ம தூக்கிட்டு அலைய வேணாம், ஆறு வருஷம் கீபோர்டு கிளாஸுக்கு கட்டுன காசும் வீணாப் போகாதுன்னு சொல்றாளாம், ரெண்டு பேரும் ரெண்டு நாளா பேசிக்கலையாம். வியாழக்கிழமை ட்ரைஅவுட், அதுக்குள்ள ஃபார்ம்ல மொத சாய்ஸ், ரெண்டாவது சாய்ஸ் எழுதணும்னு சொன்னா. நான் இதுல பேசலாம்னு நினைக்கிறேன், ஏன்னா 14 வயசுல மதுரைல இருந்து டெக்ஸாஸ் வந்து இறங்குன மொத வருஷமே நான் போய் நின்ன இடம் அந்த மாதிரி பேண்டோட ட்ரம் வரிசை, ட்ரம்லைன்தான். மூணு வருஷம் பேஸ் ட்ரம், கடைசி வருஷம் பிட்ல வைப்ரஃபோன், மரிம்பா மாதிரியே உலோகக் கட்டை வச்சது. ஸ்னேருக்கு ரெண்டு தடவ ட்ரை பண்ணேன், ரெண்டு தடவையும் கிடைக்கல. இதே சண்டை இன்னும் பல தமிழ் வீட்டுல நடந்துட்டிருக்கும்னு தோணுச்சு, அதான் உனக்கு மட்டும் அனுப்பாம எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதறேன்.

மொதல்ல ஸ்னேர். நீ பாத்த வீடியோ எனக்கும் பிடிக்கும், எட்டு பேர் ஒரே கை மாதிரி அடிக்கிறாங்க, பாத்தாலே உடம்பு சிலிர்க்கும். ஆனா அது ஏன் அவ்ளோ சுத்தமா கேக்குதுன்னு தெரிஞ்சுக்கோ. மார்ச்சிங் ஸ்னேரோட மேல் ஹெட், நம்ம ஊர்ல தோல்னு சொல்றது, கெவ்லார் இழை, அதான் குண்டு துளைக்காத சட்டைல போடுற அதே பொருள், அத டேபிள் மாதிரி விறைப்பா இழுத்து முறுக்கி வச்சிருப்பாங்க. தவில் மாதிரியோ மிருதங்கம் மாதிரியோ கார்வை கிடையாது, குச்சி பட்ட நொடி சத்தம் வந்து அதே நொடி செத்துடும். அதனால ஒருத்தர் ஒரு மயிரிழை முந்தினாலும் ஸ்டேடியம் கடைசி வரிசைல உக்காந்திருக்கவருக்கும் தெரியும். சத்தம் கூட்டுறது குறைக்கிறது எல்லாமே குச்சி எவ்ளோ உயரம் தூக்குறங்கிற கணக்குதான், 3 இன்ச், 6 இன்ச், 9 இன்ச், 12 இன்ச், எட்டு பேருக்கும் ஒரே உயரம், அதுக்காக மாசக்கணக்கா கண்ணாடி முன்னாடி நின்னு வெறும் டப் டப் டப் டப்னு ஒரே கைல எட்டு அடி, மறு கைல எட்டு அடின்னு போயிட்டே இருக்கும். ருடிமென்ட்ஸ்னு அடிப்படைப் பாடம் மாதிரி அடி வரிசை மொத்தம் 40 இருக்கு, அதுல பேரடிடில் ஒண்ணு மட்டும் உனக்குத் தெரியும்னு நினைக்கிறேன், வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. இந்த மாதிரி சலிக்காம உக்காந்து தேய்க்கிற குணம் உனக்கு இருக்கா? இருந்தா தாராளமா ஸ்னேர் எழுது. வீடியோல கெத்தா இருக்குங்கிறதுக்காக மட்டும்னா ரெண்டே வாரத்துல சலிச்சிடும்டா.

இன்னொண்ணு, உன் ஸ்கூல்ல எந்த கிரிப்னு போய் கேளு. சில ஸ்கூல்ல ரெண்டு கையும் ஒரே மாதிரி பிடிக்கிற மேட்ச்டு கிரிப், சில ஸ்கூல்ல ட்ரெடிஷனல், அதுல இடது கை குச்சிய பேனா பிடிக்கிற மாதிரி உள்ளங்கை மேல பாத்து வச்சுக்கணும். பழைய காலத்து பட்டாளத்துல ட்ரம்ம தோள்ல வார் போட்டு இடுப்புப் பக்கம் சாய்வா தொங்க விட்டாங்க, அந்த சாய்வுக்காக வந்த பிடி அது. இப்ப ட்ரம் தோள்ல மாட்டுற கேரியர்ல நேரா உக்காந்துடுச்சு, பிடி மட்டும் அப்படியே நிலைச்சுப் போச்சு. ட்ரெடிஷனல்னா உன் இடது கை மறுபடி ஆனா ஆவன்னால இருந்து ஆரம்பிக்கணும், வியாழக்கிழமைக்குள்ள அது நடக்காது.

டெனர்ஸ் பத்தி நீ கேக்கவே இல்லையாம், நல்லது. நாலு பெரிய ட்ரம், 10, 12, 13, 14 இன்ச், நடுவுல குட்டியா ஒண்ணு ரெண்டு, எல்லாத்தையும் ஒரே ஆள் கழுத்துல மாட்டுற மாதிரி. நீ பொண்ணு, வெயிட் தூக்க முடியாதுன்னு யாராவது சொன்னா அத காதுல போட்டுக்காத, எங்க லைன்ல டெனர் கேப்டன் ஒரு பொண்ணு, உன்ன விட குள்ளம். நான் வேணாம்னு சொல்றது வேற காரணத்துக்கு: ஒரு ட்ரம்ல கை சுத்தமாகறதுக்கு முன்னாடி ஆறு ட்ரம்ல ஓடுனா தப்பெல்லாம் அந்த ஓட்டத்துல ஒளிஞ்சுக்கும், அப்புறம் அத தேடிப் பிடிச்சு திருத்தறது ரொம்ப கஷ்டம். சிம்பல் லைன், அதான் பெரிய ஜால்ரா மாதிரி தட்டுற வரிசை, இப்ப நிறைய ஸ்கூல்ல நிறுத்திட்டாங்க, உங்க ஸ்கூல்ல இருந்தா அதையும் குறைவா நினைக்காத.

இப்ப உங்கம்மா சொல்ற பிட். அக்கா, நீயும் படிப்பன்னு தெரியும், உனக்கும் சேர்த்துதான் இது. பிட்னா நிம்மதியா ஓரமா நிக்கிற வேலைன்னு நினைக்காத. மரிம்பாவ பெரிய சக்கரம் வச்ச ஃப்ரேம்ல ஏத்தி பார்க்கிங் லாட், புல்லு, சரிவு எல்லாம் தாண்டி தள்ளிட்டுப் போகணும், ட்ரக்ல ஏத்தணும், இறக்கணும், மைக்கு கேபிள் எல்லாம் சொருகணும். ரோஸ்வுட் கட்டை இந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது, அதனால வெளிய வாசிக்க சிந்தெடிக் கட்டை போட்ட மரிம்பா இருக்கு, அந்தக் கட்டைக்கே அந்தப் பாடுன்னா பின்னாடி நிக்கிற பிள்ளைங்க பாட்டை நீயே யோசிச்சுக்கோ, ஆகஸ்ட்ல அவங்களும் அதே வெயில்லதான் நிக்கிறாங்க. கைக்கு ரெண்டா நாலு மேலட், அதான் நுனில உருண்டை வச்ச குச்சி, பிடிக்கணும், அதுக்கான ஸ்டீவன்ஸ் கிரிப் பழகுன மொத மாசம் என் விரல் சந்துல எல்லாம் கொப்புளம்.

பாப்பு, பிட்ல உண்மையான கஷ்டம் வேற. கீபோர்டு வாசிச்சவங்க எல்லாருமே இதுல தடுமாறுவாங்க. ட்ரம்லைன் மைதானத்துல ஒரு 30 மீட்டர் பின்னாடி நிக்குதுன்னு வை. அவங்க அடிச்ச சத்தம் உன்கிட்ட வர ஒரு நொடில பதினொண்ணுல ஒரு பங்கு ஆகும். கொஞ்சம்தானேன்னு தோணும், ஆனா பாட்டு நிமிஷத்துக்கு 160 பீட்ல போனா ஒரு பதினாறாம் நோட்டோட, அதான் பீட்டுல கால் பங்கோட, நீளமே கிட்டத்தட்ட அவ்ளோதான். அதாவது பிட்டும் ட்ரம்லைனும் தனித்தனியா முன்னாடி நின்னு தாளம் காட்டுற ட்ரம் மேஜர் கைய பாத்து சரியாவே வாசிச்சாலும், ஜட்ஜ் காதுக்கு அந்த ஒரு பதினாறாம் நோட்டு அளவு தள்ளிப் போன மாதிரி கேக்கும். அதனால பிட்ல இருக்கவங்க கைய பாக்க மாட்டாங்க, பின்னாடி இருந்து வர்ற சத்தத்த கேட்டு அதோட சேர்ந்து வாசிப்பாங்க. கண்ணு ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு சொல்லும், கண்ண நம்பாம இருக்கப் பழகணும். எனக்கு ஒரு முழு சீசன் ஆச்சு அதுக்கு. வைப்ரஃபோன் பெடல மிதிச்சு வாசிக்கும்போது அந்த சத்தம் மைதானத்து மேல அப்படியே படர்ந்து போறது இன்னும் என் காதுல இருக்கு, பிட்ட நான் எப்பவும் உயர்வாத்தான் சொல்வேன். ஆனா வேற இடத்துக்கு பயந்து அங்க போகாத.

நான் சொல்ல வந்தது பேஸ் ட்ரம். நீங்க ரெண்டு பேரும் அத பத்தி ஒரு வார்த்தை பேசலையாம்.

அஞ்சு ட்ரம், அஞ்சு சைஸ், அஞ்சு சுருதி. நம்ம ஊர் ஸ்கூல் பேண்ட்ல சுதந்திர தினத்துக்கு ஒரு அண்ணன் பெரிய ட்ரம்ம வயித்துல கட்டிக்கிட்டு டம் டம்னு நடைக்கு அடிப்பார் பாரு, இது அது இல்ல. இங்க ஒரு வரிசை நோட்ட அஞ்சு பேருக்கும் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க, ஸ்ப்ளிட்னு சொல்வாங்க. அஞ்சு பேரும் சேர்ந்தாதான் ஒரு கீபோர்டு, நீ அதுல ஒரே ஒரு கட்டை. உன் நோட்டு எங்க விழணும்னு தெரியணும்னா மத்த நாலு பேர் நோட்டும் உன் வாயில ஓடணும்.

எனக்கு அது புரிஞ்ச விதத்த சொல்றேன். மொத வருஷம் நான் மூணாவது பேஸ், நடு ட்ரம். ஒரு இடத்துல ஒரு பீட்டுக்குள்ள அஞ்சு நோட்டு, மேல சின்ன ட்ரம்ல இருந்து கீழ பெரிய ட்ரம் வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு. அஞ்ச சமமா பிரிக்க எனக்கு வரவே இல்ல, ஒண்ணு நாலாயிடும் இல்ல ஆறாயிடும். அப்பதான் மதுரைல பக்கத்து வீட்டு அண்ணன் மிருதங்கம் சாதகம் பண்ணும்போது வாயால சொல்றது ஞாபகம் வந்துச்சு, தகதகிட தகதகிட. த, க, த, கி, ட. அஞ்சு எழுத்து, அஞ்சு ட்ரம், நான் நடுவுல இருக்க த! அன்னிக்கு பிராக்டீஸ்ல நான் முணுமுணுத்தத பக்கத்துல இருந்த நாலாவது பேஸ் சீனியர் கேட்டுட்டு என்னதுன்னு கேட்டான், சொன்னேன், அடுத்த வாரத்துக்குள்ள அஞ்சு பேரும் தகதகிட சொல்லித்தான் அந்த இடத்த வாசிச்சோம். இங்கிலீஷ் சரியா வராம யார்கிட்டயும் பேசாம இருந்த எனக்கு மொத ஃப்ரெண்ட்ஸ் அவங்கதான்.

அதே இடத்துலதான் அந்த சீசன்ல ஒரு போட்டில நான் தப்பும் பண்ணேன். மொத்த பேண்டும் நாலு கவுண்ட் அமைதி, அப்புறம் எங்க அஞ்சு நோட்டு. நான் ஒரு கவுண்ட் முன்னாடியே அடிச்சுட்டேன். அவ்ளோ பெரிய ஸ்டேடியத்துல என் ஒரு ட்ரம் மட்டும். பஸ்ல வரும்போது அழுதுட்டே வந்தேன், யாரும் திட்டல. அந்த சீனியர் பக்கத்துல வந்து உக்காந்து, நீ அமைதிய எண்ணுற, எண்ணாத, எங்களோட சேர்ந்து மூச்சு இழு, மூணாவது கவுண்ட்ல எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுப்போம்னு மட்டும் சொன்னான். அதுக்கப்புறம் அந்த இடம் தப்பவே இல்ல. ஸ்னேர்ல எனக்கு இது கிடைச்சிருக்குமான்னு தெரியல, அங்க எல்லாரும் ஒரே நோட்டு, இங்க பக்கத்து ஆள் இல்லன்னா உன் நோட்டுக்கு அர்த்தமே இல்ல.

உனக்கு சுருதி காது இருக்கு, நோட்டேஷன் படிக்கத் தெரியும், எண்ணத் தெரியும். மொத வருஷம் பேஸ் எழுது, ரெண்டாவது ஸ்னேர். ஆசைய அடக்க வேணாம், ட்ரைஅவுட்ல ஸ்னேரும் அடிச்சுக் காட்டு. அக்கா கவலைக்கும் வழி இருக்கு: டெக்ஸாஸ் ஆல்ஸ்டேட், அதான் மாநில அளவு பேண்டுக்கு ஆள் எடுக்கிற ஆடிஷன்ல பெர்கஷன்னா ஸ்னேர், மேலட், டிம்பனி மூணும் வாசிச்சே ஆகணும், அதனால மைதானத்துல எத தூக்குனாலும் மேலட்ட விட முடியாது, கீபோர்டு கிளாஸ் காசு எங்கயும் போகல. படிப்பு கெடும்னு சொன்னா, டெக்ஸாஸ் ஸ்கூல் போட்டிகள நடத்துற யூஐஎல் விதிப்படி ஸ்கூல் நேரத்துக்கு வெளிய பிராக்டீஸ் வாரத்துக்கு 8 மணி நேரம்தான்னு சொல்லு, போட்டி, ஃபுட்பால் கேம் எல்லாம் அதுல சேராதுன்னும் சேர்த்து சொல்லிடு, அப்புறம் மறைச்சேன்னு திட்டு வாங்காத.

காதுக்கு ப்ளக் வாங்காம ஒரு நாளும் போகாத, இதுல மட்டும் நான் உன் பேச்ச கேக்க மாட்டேன். 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கலாம்ங்கிறது கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம். ட்ரம்லைனுக்குள்ள நின்னா அதெல்லாம் சாதாரணமா வரும். போன காது திரும்பி வராது, பாப்பு.

என் பழைய பிராக்டீஸ் பேட், ட்ரம்முக்கு பதிலா அடிச்சுப் பழகுறது, உங்க வீட்டு கராஜ்ல நீலப் பெட்டில இருக்கு, துணி சுத்தி வச்சிருப்பேன். இன்னிக்கே எடு. மெட்ரோனோம் 80ல வை, மேல சொன்ன கைக்கு எட்டு அடி பாடத்த வாசி, கால் மார்க் டைம், அதான் நின்ன இடத்துலயே நடை, நிக்காம போகணும், கை தப்பினாலும் கால் நிக்கக் கூடாது, ட்ரைஅவுட்ல மொதல்ல பாக்கறது கால்தான். புதன்கிழமை நைட்டு வீடியோ அனுப்பு, உங்கம்மாவையே எடுக்கச் சொல்லு, அப்படியாவது பேசுங்க ரெண்டு பேரும்.

உன்
சித்தி