எண்டோமெட்ரியோசிஸ்: செல் இணைப்புப் புரதங்கள் பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் சென்ற மாத மருத்துவப் பக்கத்தில் எண்டோமெட்ரியோசிஸ் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மாதவிலக்கு வலியைப் ‘பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துத்தான் ஆக வேண்டும்’ என்று தள்ளிவிடாமல், அதை ஒரு நோயின் அறிகுறியாகவும் கருதி எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் பிற்பகுதியில், செல்களை ஒன்றோடொன்று இணைத்து வைக்கும் புரதங்கள் குறைந்துபோவதே இந்நோய்க்குக் காரணம் என்றும், அப்புரதங்களை இரத்தத்தில் அளந்தாலே நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் இரண்டு வாக்கியங்கள் வந்துள்ளன. முதல் வாக்கியம் பாதியளவே உண்மை. இரண்டாவது இன்றைய நிலையில் உண்மையன்று. நோய்க்குறியியல் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் திசு ஸ்லைடுகளைப் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, சினைப்பையிலும் வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியச் சவ்விலும் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலும் வேரூன்றி வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். மாதவிலக்கின்போது இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிப் போய் வயிற்றறையில் விழுகிறது என்றும், அதிலுள்ள திசுத்துணுக்குகளே அங்கு முளைக்கின்றன என்றும் அமெரிக்காவின் ஆல்பனி நகர மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் எழுதினார். இன்றும் பலரும் ஏற்கும் விளக்கம் இதுதான். ஆயினும் கருக்குழாய் அடைப்பில்லாத பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு இப்படிப் பின்னோக்கி இரத்தம் போகிறது. நோய் வருவதோ இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு. விழுவது எல்லோருக்கும் பொதுவாக இருக்க, ஒட்டிக்கொள்வது மட்டும் சிலருக்கு ஏன் என்ற கேள்வியிலிருந்துதான் ஆய்வாளர்கள் செல் இணைப்புப் புரதங்களை நோக்கிப் போனார்கள்.

கருப்பை உட்படலத்திலுள்ள சுரப்பிகளின் சுவரில் வரிசையாக நிற்கும் எபிதீலியச் செல்கள் ஒன்றையொன்று பல வகைகளில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் முதன்மையானது கேடெரின் என்னும் புரதக் குடும்பம். ஜப்பானிய உயிரியலாளர் மசதோஷி தகெய்ச்சி கண்டறிந்த இவை, கால்சியம் இருந்தால்தான் பிடிக்கும். கால்சியத்தை நீக்கினால் பிடி விட்டுவிடும். எபிதீலியத்திற்கு உரியது இ-கேடெரின். அதன் ஒரு முனை பக்கத்துச் செல்லின் இ-கேடெரினைப் பற்றியிருக்க, மறுமுனை செல்லுக்குள் கேட்டெனின் புரதங்கள் வழியாக உட்சட்டகத்தோடு பிணைந்திருக்கும். இதற்குச் சற்று மேலே, படகின் பலகை இடுக்குகளில் பஞ்சும் பிசினும் திணிப்பதைப் போல, செல்களின் இடைவெளியை அடைத்து நீர் கசியாமல் காப்பவை ஆக்லூடினும் கிளாடின்களும். ஷொய்ச்சிரோ த்ஸுகிதாவின் குழு 1998-இல் கிளாடினுக்குப் பெயரிட்டபோது, ‘மூடு’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்தே அதை எடுத்தது. அண்டைச் செல்களுக்கிடையே சிறு மூலக்கூறுகள் போய்வர வாய்க்காலாக அமைபவை கனெக்சின்கள்.

கட்டுரையாளரின் முதல் வாக்கியத்திற்கு ஆதாரம் எதுவாக இருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 1997-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அன்னா ஸ்டார்ஜின்ஸ்கி-பொவிட்ஸின் குழுவினர், எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் இ-கேடெரின் இல்லாத எபிதீலியச் செல்கள் இருப்பதையும், அத்தகைய செல்கள் வளர்ப்புக் கலத்தில் கொலாஜன் என்னும் நார்ப்புரத அடுக்கைத் துளைத்து ஊடுருவ வல்லவை என்பதையும் காட்டினர். 2001-இல் அதே ஆய்வகம், ஊடுருவும் செல்களில் இ-கேடெரினுக்குப் பதிலாக அக்குடும்பத்தின் இன்னொரு வகையான என்-கேடெரின் இருப்பதை வெளியிட்டது. கருவளர்ச்சியில் செல்கள் இடம்பெயரும்போதும் புற்றுநோய் பரவும்போதும் நிகழும் இந்த மாற்றம் எண்டோமெட்ரியோசிஸிலும் நிகழக்கூடும் என்ற கருத்து அதன் பிறகு வேகமாகப் பரவியது. பிடியை விட்ட செல் நகரும், நகர்ந்த செல் வேரூன்றும் என்பது கேட்பதற்கும் எளிது.

ஆனால் ஸ்லைடில் அது அவ்வளவு எளிதாக இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் சுரப்பிச் செல்களும் உண்டு, அவற்றைச் சூழ்ந்து தாங்கும் ஸ்ட்ரோமாச் செல்களும் உண்டு. ஸ்ட்ரோமாவில் இயல்பாகவே இ-கேடெரின் கிடையாது. கருப்பையின் உட்படலத்தில் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். வெளியே வளர்ந்த திட்டிலோ பல சமயம் ஒன்றிரண்டு சுரப்பிகளும் நிறைய ஸ்ட்ரோமாவும் தழும்புநாரும்தான் அகப்படும். உட்படலத் திசுவையும் வெளியே வளர்ந்த திசுவையும் தனித்தனியே அரைத்து, ஒவ்வொன்றிலும் இ-கேடெரின் எவ்வளவு, கிளாடின்-3 எவ்வளவு, கிளாடின்-4 எவ்வளவு என்று அளந்தால் வெளியே வளர்ந்த திசுவில் அளவு குறைவாகத்தான் வரும். அந்தக் குறைவு, செல்கள் பிடியை விட்டதால் வந்ததா, பிடித்திருக்கும் செல்களின் எண்ணிக்கையே குறைவாக இருந்ததால் வந்ததா என்பதை அரைத்த சாறு சொல்லாது. தனித்தனிச் சுரப்பிகளைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை: சில குறைவு என்கின்றன, வேறு சில, சுரப்பிகளின் எல்லைக்கோடு கருப்பைக்குள் இருப்பது போலவே கலையாமல் இருக்கிறது என்கின்றன. ஜெர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள் 2020-இல் இவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, செல்கள் ஒன்றையொன்று பற்றி வரிசையாக நிற்கும் எபிதீலியத் தன்மை பெரும்பாலும் காக்கப்பட்டே இருக்கிறது, மாற்றம் நிகழ்ந்தாலும் அது முழுமையற்றது என்ற கருத்தை முன்வைத்தார்கள். திசு எடுக்கப்பட்ட நாள் மாதவிலக்குச் சுழற்சியில் எந்த நாள் என்பதும் இந்த அளவீடுகளை மாற்றக்கூடியது. அதைக் குறிக்காத ஆய்வை நான் எப்போதும் சந்தேகத்துடனேயே படிப்பேன்.

திட்டின் வயதும் கணக்கில் வரவேண்டும். வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியைச் செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியில் சிவப்பாகத் தெரிபவை புதிய, சுறுசுறுப்பான திட்டுகள் என்றும், கறுப்பாகத் தெரிபவை பழையவை என்றும் பொதுவாகக் கொள்வார்கள். பிரான்ஸிலிருந்து 2012-இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிவப்புத் திட்டுகளிலும் சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’களிலும் எபிதீலியச் செல்கள் தம் தன்மையை ஓரளவு இழந்திருந்தன. கறுப்புத் திட்டுகளிலும் ஆழமாக ஊடுருவிய முடிச்சுகளிலும் அவை இ-கேடெரினுடன் மீண்டும் எபிதீலியமாகவே நின்றன. மிக ஆழமாகப் போய் அதிக வேதனை தரும் முடிச்சில்தான் பிடி உறுதியாக இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிடி தளர்வதால் மட்டுமே நோய் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? போகிற வழியில் தளர்ந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி பிடித்துக்கொள்கிறது என்று கொண்டால் ஓரளவு பொருந்துகிறது. ஆய்வாளர்கள் பலர் இன்று இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

கட்டுரையில் கனெக்சின்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு ஏமாற்றமே. கருப்பைக்குள் சுரப்பிச் செல்களில் கனெக்சின் 26, 32 ஆகியவையும் ஸ்ட்ரோமாவில் கனெக்சின் 43-உம் இருக்க, வெளியே வளர்ந்த சுரப்பிகளில் 43 இடம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள். விழுந்த செல்கள் பெரிட்டோனியத்தின் மேற்செல்களோடும் இத்தகைய வாய்க்கால்களை அமைத்துக்கொள்கின்றன என்று டெக்சாஸின் சான் அன்டோனியோவில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வந்தேறும் செல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கு இடம்கொடுக்கும் சவ்வின் பங்கு நம் கண்ணில் படாமலே போய்விடும்.

‘புற்றுநோய்ச் செல்களைப் போலவே’ என்று கட்டுரையில் மூன்று இடங்களில் வருகிறது. இ-கேடெரினுக்குப் புற்றுநோயோடு தொடர்பு உண்டு என்பது மெய்தான். அதன் மரபணு பழுதான குடும்பங்களில் இரைப்பைப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக வருவதை நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் 1998-இல் கண்டறிந்தார்கள். மார்பகக் கட்டியின் இரு வகைகளைப் பிரித்தறிய இ-கேடெரின் சாயத்தை நானே பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு வகையில் செல்லைச் சுற்றித் தேன்கூடு போலப் பழுப்புக் கோடு தெரியும், மற்றதில் அது பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் புற்றுநோயன்று. சிலவகைச் சினைப்பைப் புற்றுநோய்களின் வாய்ப்பை அது சற்றே கூட்டுகிறது, அப்போதும் பெரும்பாலான பெண்களுக்கு அப்புற்றுநோய் வருவதில்லை என்ற வாக்கியத்தையும் உடன் சேர்க்காமல் அந்த ஒப்புமையை அச்சிட்டால், ஏற்கெனவே வலியோடு இருப்பவளுக்குப் பயத்தையும் கூட்டிவிடுகிறோம்.

இரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். இ-கேடெரினின் வெளிப்பகுதி செல்லிலிருந்து வெட்டுண்டு இரத்தத்தில் மிதக்கும் என்பது உண்மை. ஆனால் அது பல புற்றுநோய்களிலும் கடுமையான தொற்றுகளிலும்கூட உயரும். மனித இனப்பெருக்கம், கருவியல் ஆகியவற்றுக்கான ஐரோப்பியச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்தத்திலோ மாதவிலக்கு நீரிலோ கருப்பைத் திசுவிலோ இத்தகைய குறியீடுகளை அளந்து எண்டோமெட்ரியோசிஸை உறுதிசெய்யக் கூடாது என்றே சொல்கிறது. ஸ்லைடைப் பார்த்து இந்நோயை எழுதும்போதுகூட நாங்கள் தேடுவது சுரப்பியையும் ஸ்ட்ரோமாவையும் பழைய இரத்தக் கசிவின் தடத்தையும்தான். ஐயம் வந்தால், ஸ்ட்ரோமாச் செல்களை அடையாளம் காட்டும் சி.டி.10 என்ற புரதத்துக்குச் சாயமேற்றுவோம். இணைப்புப் புரதங்களை வைத்து இந்நோய்க்கு அறிக்கை எழுதிய நினைவு எனக்கில்லை.

அதே வழிகாட்டுதல், லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்த பிறகுதான் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையும் தளர்த்தியிருக்கிறது. அறிகுறிகளைக் கேட்டு, பரிசோதித்து, ஸ்கேன் எடுத்து, ஸ்கேன் இயல்பாக இருந்தாலும் நோயில்லை என்று முடிவு கட்டிவிடாமல், மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம். தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஏதாவதொரு பரிசோதனைக் கூடத்தில் ‘இணைப்புப் புரதம்’ பார்க்கச் சொல்லிக் கேட்கப்போகும் வாசகியருக்கு இதுவே பயன்படும் செய்தி. ஆகவே, இரத்தப் பரிசோதனை பற்றிய அந்த வாக்கியத்திற்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறும், அதை மருத்துவப் பக்கத்திலேயே இடம்பெறச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் பேராசிரியர்,
மதுரை.