ஐப்பசி மழைக்கு முன் வென்டிலேட்டர் பிளக்கை ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்ட அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கட்டுவிரியன் கடித்து வருபவருக்கு நுரையீரலில் பழுது இருக்காது. மூச்சை இழுக்கும் தசைகள்தான் முடங்கியிருக்கும். முடங்கிய பிறகு விஷமுறிவு மருந்து அதைச் சட்டென்று மீட்காது. நரம்பு முனைகள் தேறச் சில நாட்கள் ஆகும். அதுவரை வென்டிலேட்டர் காற்றை உள்ளே தள்ளும். வெளிமூச்சு மார்பு தானாகச் சுருங்குவதால் நடக்கும். இமையைக்கூடத் தூக்க முடியாத அந்த ஆளுக்குப் பல வேளை நினைவு தெளிவாகவே இருக்கும். இயந்திரம் நின்றால் திணறிக் காட்டவும் அவரால் ஆகாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபின் டெல்டாவில் பல ஊர்களுக்குக் கரண்ட் வர எத்தனை நாளானது என்று உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டர் இருக்கிறது என்பீர்கள். தரைமட்டத்தில் வைத்திருந்தால் வெள்ளத்தில் அதுவும் போகும்.

ஆகவே இப்போதே, நோயாளி இல்லாத இயந்திரத்தில் நுரையீரலுக்குப் பதிலாகச் சோதனைப் பையை மாட்டி, ஒரு மூச்சுக்கு 400 மில்லி, நிமிடத்துக்கு 16 மூச்சு என வைத்து ஓடவிடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரி அலாரம் அடிக்கும்வரை எத்தனை நிமிடம் என்று குறித்து, தேதியோடு இயந்திரத்தின் மேலேயே ஒட்டுங்கள். கம்பெனிப் புத்தகம் சொல்வது புது பேட்டரியின் கணக்கு. ஸ்டோர் ரூமில் சார்ஜ் ஏறாமல் மாதக்கணக்கில் கிடந்தது பத்து நிமிடம்கூடத் தாங்காமல் போகலாம்.

டர்பைன் விசிறி உள்ள இயந்திரம் அறைக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். அது இல்லாதவற்றுக்குக் கம்ப்ரஸர் காற்று வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வென்டிலேட்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்டிவிட்டு கம்ப்ரஸரைச் சுவர் பிளக்கில் விட்டிருப்பார்கள். கரண்ட் போனால் திரை எரியும், காற்று வராது. பெரும்பாலான மாடல்கள் அப்போது முழு ஆக்சிஜனுக்கு மாறிவிடும். சிலிண்டர் வேகமாகக் கரையும்.

பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். மேலே சொன்ன அளவில் நிமிடத்துக்கு 6.4 லிட்டர்; கசிவையும் சேர்த்து 10 என்று வையுங்கள். ஒருவருக்குப் பதினொன்றரை மணி நேரம், நான்கு பேருக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் முழு ஆக்சிஜன் தரும் கருவியானால் ஒருவருக்கே இரண்டு மணி நேரத்துக்குள் காலி. சாலையில் மரம் விழுந்து கிடக்கையில் சிலிண்டர் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு கட்டிலிலும், இயந்திரம் நின்றால் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, அதன் பின்புற ஆக்சிஜன் பையோடு தொங்க வேண்டும். பீரோவில் பூட்டி வைப்பதற்கு அல்ல. ஆறு விநாடிக்கு ஒரு அழுத்து, மார்பு எழுந்தால் போதும். பதற்றத்தில் வேகமாக அழுத்தினால் உள்ளே போன காற்று வெளியேற நேரமில்லாமல் தேங்கி, ரத்த அழுத்தம் சரியும். கையும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஒரு கட்டிலுக்கு இருவர் மாறி மாறி நிற்கும்படி இரவு டியூட்டிப் பட்டியலைப் புயல் எச்சரிக்கை வந்த அன்றே போடுங்கள்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவுத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்