தனுஷ்கோடி ஒரு நாள் கடற்கரை நடை: வழித்தாளில் உள்ள தவறுகள் குறித்த புகார், பணம் திரும்பக் கோருதல்

அனுப்புநர்:
ஜூலை மாத தனுஷ்கோடி நடையில் பங்கேற்ற குழுவினர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
நடைப்பயணப் பிரிவு.

பொருள்: அரிச்சல்முனை – கோதண்டராமர் கோயில் நடைக்கான வழித்தாள், ஏற்பாடு ஆகியவற்றில் உள்ள குறைபாடுகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தலைக்கு 2,800 ரூபாயும், அதற்கு மேல் ‘பூநாரை பார்த்தல்’ என்று தனியாக 300 ரூபாயும் வாங்கிக்கொண்டு நீங்கள் நடத்திய நடை பற்றிய புகார் இது. ‘எளிய நடை, 14 கிலோமீட்டர், நான்கு மணி நேரம், ஆண்டு முழுவதும் நடைபெறும்’ என்று உங்கள் வழித்தாள் சொல்கிறது. அந்த மணலில் ஒரு தடவையாவது காலை வைத்தவர் எழுதிய தாள் அல்ல அது. செயற்கைக்கோள் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு கோடு இழுத்திருக்கிறார்கள். எங்கெங்கே தவறு என்று கீழே விவரமாகவே எழுதுகிறோம். அடுத்த குழுவை அனுப்பும் முன் தாளைத் திருத்த அது உதவும்.

முதலில் திசை. காலை 10 மணிக்கு வேனில், சாலை முடியும் அரிச்சல்முனையில் இறக்கிவிட்டு, தென்கடல் ஓரமாகவே முகுந்தராயர் சத்திரம் வரை நடந்து வரச் சொல்கிறீர்கள். ராமேஸ்வரம் தீவின் இந்த வால் நேர் கிழக்கே நீளவில்லை, தென்கிழக்காகச் சரிந்து போகிறது. அதனால் முனையிலிருந்து திரும்பி நடப்பவர் வடமேற்கு நோக்கிப் போகிறார். ஜூலையில் அங்கே அடிப்பது கச்சான் காற்று. தென்மேற்கிலும் மேற்கிலுமாக மாறி மாறி வந்து இடக் கன்னத்தில் மணலை வாரி அறையும். பிற்பகலில் வெயிலும் அதே பக்கம் முகத்துக்கு நேராக இறங்கிவிடும். இதே தூரத்தைச் சத்திரத்திலிருந்து முனைக்கு, விடியற்காலையில் நடந்தால் காற்று வலத் தோளுக்குப் பின்னால் இருந்து தள்ளிவிடும், வெயில் இடப்பக்கம் தாழ்வாக இருக்கும். புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் மாற்றிப் போட்டாலே போதும், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

அடுத்து எந்தக் கரை என்பது. ஆண் கடல், பெண் கடல் என்று தாளில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தென்கடல் ஆண், வடகடல் பெண் என்பதோடு அது நின்றுவிடுகிறது. நடக்கிறவருக்கு வேண்டியது, எந்த மாதத்தில் எது சீறும் என்பது. கச்சான் காலத்தில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். அலை சில இடங்களில் சாலையோரக் கற்குவியல் வரை ஏறிவந்து கரையையே தின்றுவிடும். வாடை காலத்தில் இது தலைகீழாகும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பொங்கும், தென்கரை அடங்கிக் கிடக்கும். ஆகவே ஜூலையில் சத்திரத்திலிருந்து பழைய தனுஷ்கோடி வரையுள்ள 5 கிலோமீட்டரைச் சாலையிலோ சாலையை ஒட்டியோ கடந்து, அங்கிருந்து முனை வரையுள்ள சுமார் நாலரை கிலோமீட்டரை வடகரையில் நடப்பதுதான் தோது. டிசம்பரில் தென்கரையை எடுத்துக்கொள்ளலாம். ‘ஆண்டு முழுவதும்’ ஒரே வழி என்று விற்பது இந்த ஊரில் செல்லாது.

‘ஓதம் வற்றும் நேரத்தில் அகன்ற, கெட்டியான மணல்பரப்பு கிடைக்கும்’ என்று ஒரு வாக்கியம். இது வேறு எந்தக் கரைக்கோ எழுதி இங்கே ஒட்டியது என்பது எங்கள் சந்தேகம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும், அங்கே சொன்னால் பொருந்தும். தனுஷ்கோடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஈர மணல் பட்டை நாலைந்து தப்படி அகலம் இருந்தால் பெரிது, அதன் அகலத்தைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் அன்றைய அலைதான். அந்தப் பட்டையும் கடலை நோக்கிச் சரிந்தது. உங்கள் திசையில் போனால் கடல் எப்போதும் இடக்கைப் பக்கம். இடக்கால் தாழ, வலக்கால் மேலே என்று மணிக்கணக்கில் நடந்தால் முழங்காலின் பக்கவாட்டிலும் கணுக்காலிலும் வலி பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு தடவை சாலைக்கு ஏறிச் சமதளத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு இறங்கினால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் கரையிலிருந்து சாலைக்கு ஏற வசதியான இடம் ஒன்றுகூடத் தாளில் குறிக்கப்படவில்லை. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு இந்த நடைக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பே அதுதான். யாருக்காவது முடியாமல் போனால் கொஞ்சம் நடந்தாலே பஸ்ஸோ ஆட்டோவோ கிடைக்கும். உங்கள் வேனோ எங்களை இறக்கிவிட்டு ராமேஸ்வரம் போய்விட்டது. குழுவோடு சமமாகச் சாலையில் ஊர்ந்து வந்திருக்க வேண்டிய வண்டி அது.

நேரக் கணக்கும் தார்ச் சாலைக் கணக்கு. சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் தளர்ந்த மணலில் இரண்டரை, மூன்று போவார். காற்று எதிரே நின்றால் அதிலும் குறையும். இடையில் உட்காருவதையும் சேர்த்தால் 14 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. நிழல் என்று ஒன்று இல்லாத இடத்தில், காலை 10 மணிக்குத் தொடங்கி! விடியற்காலையில் கிளம்பி உச்சி வெயிலுக்கு முன் முடிப்பதுதான் அங்கே சரி. வழிகாட்டியோ வேகம் குறைந்ததற்கு எங்கள் குழுவில் இருந்த வயதானவர்களைக் காரணம் சொன்னார். அவர்கள்தான் ஒழுங்காக நடந்தார்கள் என்பதையும் பதிவு செய்துகொள்கிறோம்.

இனி உப்பங்கழி. புகாரின் முக்கியமான பகுதி இது.

சத்திரத்துக்குப் பிறகு சாலையை விட்டு விலகி, கோதண்டராமர் கோயிலுக்கு ‘வறண்ட சமவெளி வழியாகக் குறுக்கே’ போகச் சொல்கிறது தாள். அது சமவெளி அல்ல. வடகிழக்கு மழைக்குப் பின் நீர் நிரம்பி, கோடையில் வற்றுகிற உப்பங்கழி. ஜூலையில் மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு படிந்திருக்கும், பார்க்கக் காய்ந்த களம் போலத் தெரியும். அதன் அடியில் கறுப்பு உளை, அதாவது ஆளைப் புதைக்கும் சேறு. பொருக்கு ஓரத்தில் ஆளைத் தாங்கும், உள்ளே போகப் போக மெலியும். திடீரென்று ஒரு கால் கெண்டைக்கால் வரை இறங்கும். பதறி அந்தக் காலை நேராக மேலே இழுத்தால் உளை கவ்விக்கொள்ளும், மற்றக் காலும் சேர்ந்து அமிழும். எங்களில் ஒருவருக்கு முழங்கால் வரை போனது, ஒரு ஷூ இன்னும் அங்கேதான் இருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்புவது, குதிகாலை இடவலமாக அசைத்துக் காற்றுப் புக விடுவது, பிறகு மெல்ல உருவுவது. கூட இருப்பவர் கையைப் பிடித்து இழுக்கக் கிட்டே ஓடக்கூடாது, கம்பையோ துண்டையோ தூரத்திலிருந்து நீட்ட வேண்டும். வழிகாட்டி ஓடிப்போய் இழுத்தார், அவரும் புதைந்தார். உமரிச் செடி முளைத்த மேடு தாங்கும், செடியே இல்லாமல் கறுத்து மினுங்கும் இடம் தாங்காது. இந்த எளிய அடையாளம்கூட அவருக்குச் சொல்லித் தரப்படவில்லை.

ஆபத்து ஒருபுறம் இருக்க, இது ஒழுங்கும் அல்ல. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பகுதியில் உப்பங்கழிக்குள் ஆட்களை இறக்குவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டீர்களா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். கோயிலுக்குப் போகச் சாலை இருக்கிறது. 1964 புயலிலும் நின்ற கோயில் அது, சாலை வழியாகப் போய்ப் பார்த்தால் குறைந்துவிடாது. பூநாரைகள் மழைக்குப் பின் கழியில் நீர் நிற்கும் மாதங்களில் வரும், கோடை முற்றும் முன் பெரும்பாலும் போய்விடும். ஜூலையில் அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கியதை என்னவென்று சொல்வது!

தண்ணீர் தலைக்கு ஒரு லிட்டர் கொடுத்தீர்கள். அந்த வெயிலுக்கும் காற்றுக்கும் நான்கு லிட்டர் வேண்டும், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் தனி. கடலோரக் காற்றில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் உடம்பு வற்றுவது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் புரியும். பழைய தனுஷ்கோடியில் கடைகள் உண்டு, அதற்கு முன்னும் பின்னும் எதையும் நம்ப முடியாது. மீனவர்கள் மணலில் தோண்டி வைத்திருக்கும் ஊற்றுகள் அவர்கள் குடிநீர், குழுவாகப் போய் இறைக்கத் தக்கவை அல்ல. ‘செருப்பு போதும்’ என்பதும் தவறு. மேட்டு மணல் முழுக்க இராவணன் மீசைப் புல், அதன் நுனி ஊசி. கரையில் ஒதுங்கிய சொறிமீனை வெறுங்காலில் மிதித்தாலும் அரிப்பு எடுக்கும், அறுந்த வலைத் துண்டில் தூண்டில் முள்ளும் கிடக்கும். கயிற்றை இறுக்கிக் கட்டிய பழைய கான்வாஸ் ஷூவும் தடித்த காலுறையும்தான் சரி. பக்கமும் மூடிய கண்ணாடி இல்லாததால் ஒருவருக்குக் கண்ணில் மணல் போய், அதைக் கசக்கி, கருவிழியில் கீறல் விழுந்து மருத்துவரிடம் போக நேர்ந்தது. கசக்காமல் நல்ல தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். அலசத் தண்ணீர் எங்கே இருந்தது?

கம்பிப்பாடு மீனவர் குடியிருப்புப் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இழுக்கும் கயிறு கடலிலிருந்து மேட்டு மணல் வரை விறைத்து நிற்கும். நடக்கிறவர் இழுப்பவர்களுக்குப் பின்னால் சுற்றிப் போக வேண்டும். வழிகாட்டி கயிற்றைத் தாண்டி எங்களைக் கூட்டிப் போகப் பார்த்தார், அவர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது.

முனையில் ‘இரு கடல் கூடுமிடத்தில் குளியல்’ என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது, நீக்குங்கள். இரண்டு பக்க அலையும் நீரோட்டமும் மோதும் இடத்தில் காலடி மணல் நிமிடத்துக்கு நிமிடம் அரிக்கும், இடுப்பளவு நீர்கூட அங்கே ஆபத்து. ‘ராமர் பால மணல் திட்டுகளில் நடை’ என்பதையும் நீக்குங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே யாரும் போக முடியாது, பணம் வாங்கும்போதும் உங்களுக்கு அது தெரிந்திருக்கும். இடிந்த தேவாலயத்தின் சுவரோரம் காற்று மறைவில் மதிய உணவு என்பது அடுத்தது. உப்பு அரித்த பவளக்கல் சுவர், கச்சான் அடிக்கும் நாளில் அதன் அடியிலா இலை போடுவது? உங்கள் வழிகாட்டி அந்த இடிபாடுகளைச் சுனாமியின் வேலை என்று ஒரு வடநாட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து விளக்கிக்கொண்டிருந்தார். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போன ஊர் அது. சம்பளம் கொடுத்து அனுப்பும் ஆளுக்கு இதையாவது சொல்லி அனுப்பலாம்.

செல்போன் பற்றி ஒரு வார்த்தை சேருங்கள்: முனைக்கு அருகில் இலங்கை சிக்னல் பிடிக்கும், ரோமிங்கை அணைத்து வைக்காவிட்டால் கட்டணம் ஏறலாம். பொழுது சாயும் முன் போலீசார் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால், முனையில் அஸ்தமனம் பார்ப்பதாகத் தாளில் உள்ள மாற்று நிரலும் நடக்காது.

எங்கள் கோரிக்கை: பூநாரைக் கட்டணம் 300 ரூபாய் முழுவதும், நடைக் கட்டணத்தில் பாதியான 1,400 ரூபாயும் ஒவ்வொருவருக்கும் திரும்ப வர வேண்டும். கண் மருத்துவச் செலவையும் உளையில் போன ஷூவின் விலையையும் நிறுவனம் ஏற்க வேண்டும். உப்பங்கழிக் குறுக்குவழியையும் முனைக் குளியலையும் இன்றே நீக்க வேண்டும், மற்றத் திருத்தங்கள் முடியும் வரை இந்த நடைக்கு முன்பதிவு வாங்கக் கூடாது. ரசீதுகள், வழித்தாளின் நகல், உளையில் எடுத்த படங்கள், மருத்துவர் சீட்டு ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வோம். அதன் பிறகு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்போம். உங்கள் ரசீதின் பின்பக்கம் ‘வழக்குகள் சென்னைக்கு மட்டும் உட்பட்டவை’ என்று அச்சடித்திருப்பது அதைத் தடுக்காது.

இப்படிக்கு,
நடையில் பங்கேற்ற குழுவினர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)