வாய்ச்சொல் போதாது, ஒப்பந்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாழைத்தார்க் காம்பு மட்கவே மட்காது என்று எங்கள் பேரூராட்சியில் எல்லோரும் சொன்னார்கள். பொடிப்பொடியாக நறுக்கி, சாணிக் கரைசலும் புளித்த மோரும் தெளித்து, காய்ந்த இலையோடு மாற்றி மாற்றி அடுக்கினால் மட்கிவிடும். நாங்கள் நான்கு பெண்கள் அதைச் செய்து காட்டினோம். மகளிர் குழுக் கடனில் நறுக்கும் இயந்திரம் வாங்கிக்கொண்டு, பேரூராட்சி குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கும் இடமான வளமீட்புப் பூங்காவில் இடம் கேட்டுப் போனோம். அப்போதிருந்த செயல் அலுவலர் மறுக்கவில்லை. சந்தைக் கழிவு முழுவதும் எங்களிடம் வந்தது. எடைக்கு ஏற்ற கூலி, உரத்தை நாங்களே விற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. தூய்மைப் பணியாளர்கள் பாலித்தீன் பையை வண்டியிலேயே பிரித்துவிட்டுத்தான் கொட்டுவார்கள். அவர்கள் இல்லாமல் எங்கள் தொழிலே இல்லை.

இரண்டு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் அந்தச் செயல் அலுவலர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் கோப்பைத் தேடினார். மன்றத் தீர்மானமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஏழு மாதக் கூலி நின்றுபோனது. சந்தைக் கழிவு மறுபடி ஆற்றங்கரையில் எரிகிறது. காகிதம் இல்லாமல் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? எழுதி வாங்காதது எங்கள் தவறும்தான்.

புனேயில் குப்பை சேகரிப்பவர்களே உறுப்பினர்களாக உள்ள ‘ஸ்வச்’ கூட்டுறவு, 2008இல் மாநகராட்சியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டது. வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணத்தைச் சேகரிப்பவர் கையிலேயே கொடுக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில் அங்கும் இழுபறி வந்ததுண்டு. ஆனாலும் வேலை தொடர்கிறது.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், எங்களைப் போன்றவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. இத்தகைய தொழில்களுக்கு மத்திய அரசு தரும் ‘உத்யம்’ பதிவுச் சான்று எங்களிடம் இருக்கிறது. சரி, வேலை கொடுத்ததற்கே ஆதாரம் இல்லாதபோது எதைக் காட்டிக் கேட்பது?

நகராட்சி நிர்வாகத் துறை ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தை எல்லா உள்ளாட்சிகளுக்கும் அனுப்ப வேண்டும். மன்றத் தீர்மானத்தோடு குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருக்க வேண்டும். பணம் தரும் கெடு அதிலேயே எழுதியிருக்க வேண்டும். இயந்திரம் என் வீட்டுத் திண்ணையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. படிவம் வந்த மறுநாளே வண்டியில் ஏற்றிவிடுவோம்.

இப்படிக்கு,
உரம் தயாரிக்கும் மகளிர் குழு உறுப்பினர்,
தஞ்சாவூர் மாவட்டம்