தலைவர் யார் என்று கேட்டபோது

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. துறைத்தலைவர் பொறுப்பிலிருந்து விடுபட்டாய் என்பதில் மகிழ்ச்சி. இனியாவது வகுப்புக்கு நேரம் கிடைக்கும்.

தலைமைப் பண்பை என் மாணவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். 1939இல் உளவியலாளர் கர்ட் லெவின் குழுவினர் வெளியிட்ட ஆய்வையும், அதிகாரத் தலைமை, ஜனநாயகத் தலைமை, தலையிடாத் தலைமை என்ற மூன்று வகைகளையும் பிசகாமல் எழுதிவிடுகிறார்கள். தெரிந்த ஒரு தலைவரைப் பற்றி எழுதச் சொன்னால் பெரும்பாலும் அப்துல் கலாம்தான் வருகிறார். அதில் எனக்குக் குறையில்லை. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே செய்தியாளர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றதையும், மறு ஆண்டு ஜூலையில் வெற்றி கிட்டியபோது திட்ட இயக்குநரான தம்மைப் பேச அனுப்பியதையும் கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் இந்தக் கதையையும் எழுதுகிறார்கள். ஆனால் இதில் தலைவர் யார் என்றால் தயங்காமல் கலாம் என்கிறார்கள். தவானின் பெயரே பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலும் இதையே கண்டேன். ஊராட்சித் தொட்டித் தண்ணீர் காலையில் சிறிது நேரமே வரும் என்று தெரிந்ததும், இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தொட்டி இயக்குபவரிடம் நேரம் கேட்டுவந்து, சமையல் குழுவை விடியுமுன் எழுப்பி, அண்டாக்கள் நிரம்பிய பிறகே குளியல் என்று முறை வகுத்தாள். முணுமுணுத்த பையன்களைக் குடம் தூக்க வைத்ததும் அவள்தான். நிறைவு விழாவில் நன்றியுரை சொன்ன மாணவர் தலைவரைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அவளிடம் கேட்டால், "நான் லீடர் எல்லாம் இல்ல சார், வேலை நடக்கணுமேன்னு செஞ்சேன்" என்கிறாள்.

ஆகவே இப்போது பாடத்தை லெவினிலிருந்து தொடங்குவதில்லை. யாரும் சொல்லாமல் நீங்களாக எடுத்த ஒரு முடிவு எது, அதை யார் எதிர்த்தார்கள், வேறு என்ன செய்திருக்கலாம் என்று முதல் வாரத்திலேயே எழுதச் சொல்கிறேன். பிறகு அந்த மூன்று வகைகளை வைத்துப் பார்க்கும்போது, ஒரே ஆள் காலையில் அதட்டியும் மாலையில் கலந்துபேசியும் வேலை வாங்கியதை அவர்களே கண்டுகொள்கிறார்கள். குழுப்பணிக்கும் நான் தலைவரை நியமிப்பதில்லை. சில குழுக்கள் தத்தளிக்கின்றன. சில நாள் தத்தளிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். இதில் உனக்கு உடன்பாடு இருக்காது என்று தெரியும்.

சிக்கல் மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. அகமதிப்பீட்டின் 25 என் கையில். பருவத் தேர்வின் 75 இன்னமும் "வகைகளை விளக்குக" என்றே கேட்கிறது. நீ பாடத்திட்டக் குழுவில் இருக்கிறாய் அல்லவா? ஒரு சூழலைக் கொடுத்து, நீ என்ன செய்வாய், ஏன் என்று கேட்கும் வினா ஒன்றையாவது சேர்க்க முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்த்து எழுது.

அன்புடன்,
இராமநாதன்