கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு வேண்டும்

மதிப்புக்குரிய மேனேஜர் ஐயா அவர்களுக்கும் எஸ்டேட் நிர்வாகத்தில் இருக்கும் மற்ற பெரியவர்களுக்கும்,

வணக்கம். வால்பாறையில் உங்கள் எஸ்டேட்டின் மேல் பாடிக் குடியிருப்பில், கடைசி லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளி நான். 19 வருடமாக இங்கே கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கள் லைனில் சிறுத்தை புகுந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். மறுநாள் காலையில் ஆஜர் எடுக்கிற மஸ்டரில் நிற்கும்போதே சூப்பர்வைசர் அண்ணன், "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டுவிட்டார். அதனால் முதலிலிருந்து கதை சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைத் திருத்த வேண்டும். "சிறுத்தை வந்துச்சாம், சத்தம் போட்டதும் ஓடிருச்சாம்" என்று பேசிக்கொள்கிறார்கள். ஓடவில்லை ஐயா. என் மாமியார் டார்ச் அடித்ததும் அதன் கண் இரண்டும் மின்னியது. உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. கழிப்பறைக் கதவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம்தான். உள்ளே என் ஒன்பது வயது மகள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கொக்கி கிடையாது. விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. பிள்ளை எப்போதும் போல ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே இருந்திருக்கிறாள். மாமியார் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்த, நான் கையில் கிடைத்த சோற்றுத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அடித்தபடியே ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் தட்டோடு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் அது எழுந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அப்புறம் உன்னிப் புதருக்குள் நடந்துபோனது. நான் கதவைத் திறக்கப் பார்த்தால் திறக்க முடியவில்லை. உள்ளேயிருந்து அவள் விடவில்லை. "அம்மாடா, அம்மாதான்" என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. கடைசியில் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன். தகர விளிம்பு உள்ளங்கையில் கோடாகப் பதிந்திருந்தது.

எங்கள் கடைசி வீட்டு வாசலிலிருந்து அந்தக் கழிப்பறை 32 தப்படி. நானே எண்ணினேன். இடது பக்கம் தேயிலை, வலது பக்கம் ஆள் உயரத்துக்கு உன்னிப் புதர். பாதி வழியில் ஒரு கம்பம் நிற்கிறது. கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. 2023 மழைக்கு முன்னால் போன பல்பு அது. அந்தக் கம்பத்துக்கு விளக்கும், அந்தப் புதருக்கு வெட்டும் கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டாவது தடவை "எஸ்டிமேட் போட்டாச்சு" என்றார்கள். மூன்றாவது தடவை மனுவை வாங்கிக்கொண்டவர் ஒன்றுமே சொல்லவில்லை. எங்கள் லைன் வாசலில் நின்று பார்த்தால் கீழே கொழுந்து நிறுக்கிற ஷெட் தெரியும். அங்கே ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. அந்த நேரத்தில் அங்கே ஒரு ஆள் கூட இருப்பதில்லை.

இதையெல்லாம் விட எனக்குத் தாங்க முடியாதது வேறு ஒன்று. என் மகள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. இது செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்த பழக்கம் இல்லை, ஒரு வருடத்துக்கு மேலாகவே அப்படித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வருவாள். சொம்பை வாயில் வைத்து நனைத்துக்கொண்டு துப்பிவிடுவாள். ராத்திரி சாப்பாட்டில் ரசம் ஊற்றினால் தட்டைத் தள்ளிவிடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் லைனில் எட்டு வீட்டுப் பெண்களும் அப்படி இருப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள்.

மாமியாரால் அப்படி இருக்க முடியாது. அவருக்குச் சர்க்கரை. ராத்திரியில் மூன்று தடவையாவது எழுந்தாக வேண்டும். அவருக்காக அடுப்படி மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்து, பழைய சேலையை மறைப்பாகக் கட்டியிருக்கிறோம். ஒரே அறையும் அடுப்படியும்தான் வீடு. மகன் படுத்திருக்கும் இடத்திலிருந்து நாலு தப்படியில் அந்த வாளி. 40 வருடம் இந்த எஸ்டேட்டில் கொழுந்து பறித்த பெண் அவர். முதல் வாரம் முழுக்க விடியற்காலையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாளியை எடுக்கப் போனால், "நீ எடுக்காத தாயி, வெளிச்சம் வரட்டும், நானே எடுத்துக்கிறேன்" என்பார். தயவுசெய்து அந்தப் பாதைக்கு ஒரு விளக்கு போட்டுக் கொடுங்கள்.

எங்களுக்கு இது முதல் தடவையும் இல்லை. முன்பு வளர்த்த நாயை வாசலிலிருந்தே சிறுத்தை தூக்கிப்போனது, காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. அதற்கு முந்தைய வருடம் யானை அடுப்படிச் சுவரை முட்டி அரிசிச் சாக்கை இழுத்தது. அன்றைக்கு நாங்கள் வீட்டில் இல்லை. கூட்டம் பக்கத்துக் காட்டில் நிற்கிறது என்று சாயங்காலமே போனில் செய்தி வந்திருந்தது, யானை நடமாட்டத்தை எச்சரிக்கிற சிவப்பு விளக்கும் மின்னிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடு லைனில் இருக்கும் சித்தி வீட்டில் படுத்தோம். சுவர் போனது, உயிர் தப்பியது. யானை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறவர்களுக்கு நாங்கள் கையெடுத்துக் கும்பிட வேண்டும். சிறுத்தைக்கு அப்படிச் செய்தி வராது. அது தனியாக, சத்தமில்லாமல் வரும். இருட்டும் புதரும் இருந்தால் வீட்டு வாசல் வரைக்கும் வரும். அதனால்தான் விளக்கைக் கேட்கிறோம்.

2025-ல் இந்த வால்பாறையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் மாதம் ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்தின் சின்னப் பெண்ணைச் சிறுத்தை கொண்டுபோனது. ஆகஸ்டில் அசாமிலிருந்து வந்த குடும்பத்தின் பையன் காட்டு விலங்கு தாக்கி இறந்தான்; முதலில் சிறுத்தை என்றார்கள், பிறகு கரடி என்றார்கள். இரண்டுமே குடியிருப்புக்குப் பக்கத்தில், பொழுது சாய்கிற நேரத்தில். அப்போது எல்லோரும் வந்தார்கள், பேசினார்கள், புதர் வெட்ட வேண்டும் என்றார்கள், விளக்கு வேண்டும் என்றார்கள். எங்கள் லைனுக்கு வந்தது ஒரு நோட்டீஸ். "இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியாக வெளியே விடாதீர்கள்" என்று அதில் இருந்தது. நாங்கள் யாரும் பிள்ளையைத் தனியாக விடவில்லை ஐயா. பாட்டி கூடவே போனார். கழிப்பறையைத் தூக்கி வீட்டுக்குள் வைக்க எங்களால் முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் லைனில் எட்டு வீட்டில் மூன்று வீடு ஜார்க்கண்ட்காரர்கள். தமிழில் ஒட்டிய அந்த நோட்டீஸை அவர்கள் எப்படிப் படிப்பார்கள்? நாங்கள்தான் கையைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தோம்.

தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விடுகிறார்கள், கொழுந்து பறிக்க ஏன் ஆள் கிடைப்பதில்லை என்று கூட்டம் போடும்போதெல்லாம் கேட்கிறீர்கள். சம்பளம் ஒரு காரணம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஆனால் என் மூத்தவன் என்னிடம் சொன்னது வேறு. "நம்ம பாப்பா இருட்டுறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கப் பயப்படாத ஊருக்குப் போகணும்மா" என்றான். வீடும் கழிப்பறையும் கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவிட்டது. எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் இன்னமும் ஒரு கொக்கிக்கும் ஒரு பல்புக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். சிறுத்தையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சுற்றிலும் ஆனைமலைக் காடு, நடுவில் நம் தேயிலை. அது நடக்கிற வழியில்தான் நாம் லைன் கட்டியிருக்கிறோம். கூண்டு வைத்து ஒன்றைப் பிடித்துப்போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும் என்று வனத்துறைக்காரர்களே சொல்கிறார்கள். ஆகவே அதைப் பிடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கறிக்கழிவை லைன் பக்கம் கொட்டக் கூடாது என்று எங்கள் ஆட்களிடம் நாங்களே சண்டை போட்டு நிறுத்திவிட்டோம். எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்கிறோம்.

உங்கள் பக்கம் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கம்பத்தில் விளக்கு. 32 தப்படிக்கும் இரண்டு பக்கமும் புதர் இல்லாத வெட்டவெளி. கதவுக்குக் கொக்கி. வீட்டோடு ஒட்டிய கழிப்பறை கட்ட நாளாகும் என்றால் அதற்குக் காத்திருக்கிறோம், விளக்குக்குக் காத்திருக்க முடியாது. கொக்கியை வியாழக்கிழமையே என் வீட்டுக்காரர் வாங்கி மாட்டிவிட்டார், அதை விடுங்கள். புதர் வெட்ட ஆள் இல்லை என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து வெட்டிக்கொள்கிறோம், சம்பளம் வேண்டாம். கத்தி எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்காதபடி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கம்பத்தில் மட்டும் எங்களால் கை வைக்க முடியாது. அதற்கு எஸ்டேட் எலக்ட்ரீசியன்தான் வர வேண்டும், உங்கள் கையெழுத்து இருந்தால்தான் அவர் வருவார்.

அந்தக் கையெழுத்தை இந்த வாரமே போட்டுக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மேல் பாடி கடைசி லைன் எட்டு வீட்டாருக்காக,
ஒரு கொழுந்து பறிக்கும் தொழிலாளி